மாட்டை அவிழ்த்தாயிற்றா?

யாரைப் பார்த்தாலும் அந்த அம்மாள் முதலில் கேட்பது, “மாட்ட அவிழ்த்தாச்சா?” என்பதுதான். மாடு வைத்திருப்பவரிடமும் கேட்பார், இல்லாதவரிடமும் கேட்பார். என்னிடம் முதன்முறை கேட்டபோது நான் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ரிக்‌ஷா இழுத்த சீனரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சிராங்கூன் ரோட்டில் எருமைப் பட்டிகளுக்குப் பின்புறம் அவருக்கு ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. அதில் பன்னிரண்டு இரட்டை மாட்டு வண்டிகள். மின்சார டிராம் ஓடத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. மோட்டார் வண்டி ஒன்று போனால் கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்து பார்த்த காலம் அது. ஆற்றங்கரைக் கிடங்குகளின் அரிசி மூட்டையும், செங்கல்லும், மணலும், தோட்டத்துத் தேங்காயும் மாட்டுக் கழுத்தில்தான் ஊர் சுற்றின. அவர் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை என்பதால் இங்கேயும் அது வேண்டாம். தெருவுக்கு அவர் கொட்டகைக்காரம்மா. வண்டிக்காரர்களுக்கு ஆத்தா.

அப்போது நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் போலீஸ் கோர்ட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று காலை அங்கே இருக்க வேண்டும். கடைசி பெஞ்சின் சுவரோரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதை எட்டாத வயது, நல்ல உயரம், வலது முழங்கையில் ஒரு பழைய தழும்பு. கறுப்புக் குடை ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். அதை விரித்து நான் பார்த்ததில்லை. குடையை வெளியே வைக்கச் சொல்லி முதல் நாள் சேவகர் தகராறு செய்தாராம். “வெளியில வச்சா களவு போகும். களவு போனா நான் பிராது குடுக்கணும். அதையும் நீங்கதான் கூப்பிட்டு விசாரிக்கணும். எதுக்கு வேலய இழுத்துக்குறீங்க?” என்று கேட்டாராம். அதன்பிறகு குடையும் அவரோடு பெஞ்சில் உட்கார்ந்தது.

அவர் அங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கூண்டில் ஏறுபவர்கள் அந்தக் கோர்ட்டில் அடிக்கடி வருவார்கள். மாட்டு வண்டிக்காரர், குதிரை வண்டிக்காரர், எப்போதாவது ஒரு துரையின் புது மோட்டார் ஓட்டி. தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் சொல்லும் கதைகள் எனக்கு மனப்பாடம். பழைய சோற்றுத் தண்ணீர் குடித்தேன், அதுதான் புளித்த வாடை. பல்வலிக்குச் சம்சுச் சாராயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்தேன், விழுங்கவில்லை. முதுகு வலிக்குக் கள்ளைத் தேய்த்துக்கொண்டேன். ஒருவர் தன் வண்டியின் இடப்பக்க மாடுதான் கள்ளுக்கடை வாசலில் பானையை நக்கியது என்றார். மாஜிஸ்திரேட் துரை எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்.

“பல்வலி, பல்வலின்னே எத்தன பேரு சொல்லுவானுங்க?” என்று கோர்ட்டு வராந்தாவில் அந்த அம்மாள் ஒருமுறை சலித்துக்கொண்டார். “இந்த ஊர்ல வண்டி ஓட்டுற தமிழனுக்குப் பல்லே கெடையாதுன்னு துரை நெனச்சிருப்பாரு.”

“பின்னே என்ன சொல்வது?” என்று கேட்டேன்.

அவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார். “இவன் குடிச்சிருந்தான்னு போலீஸ் சொல்லணும். வண்டி இவன் கையில இருந்துச்சுன்னு சொல்லணும். அது ரோட்டுல இருந்துச்சுன்னு சொல்லணும்.” மூன்று விரலை மடக்கிவிட்டு முதல் விரலை மட்டும் நிமிர்த்தினார். “நம்மாளு எல்லாரும் இந்த விரல்லயே தொங்குறான். குடிக்கல, குடிக்கலன்னு. நாலு அடி தள்ளி நின்னு மொழிபெயர்க்கிற துபாஷிக்கே வாடை அடிக்குது. அத விட்டுட்டு ரெண்டாவதப் பாருங்க. வண்டி யாரு கையில? மாடு நுகத்துல இருந்தா அவன் கையில. அவிழ்த்துட்டா அது வெறும் மரக்கட்ட. மரக்கட்டைக்குப் பக்கத்துல ஒருத்தன் குடிச்சுட்டுப் படுத்தா அதுக்கு வேற சட்டம். அது சின்ன சட்டம்.”

சட்டப் புத்தகத்தை அவர் தொட்டதில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டே இவ்வளவையும் பிரித்து வைத்திருந்தார். பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். அவரும் இதையேதான் சொன்னார், இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு.

கொட்டகையில் ஒரே ஒரு விதிதான். குடித்தவன் எந்த இடமானாலும் மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்ட வேண்டும், நுகத்தைத் தரையில் இறக்க வேண்டும், தெளியும்வரை வண்டிக்கடியில் படுக்க வேண்டும். சுமை யாருடையது, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் பேச்சில்லை. விதியை மீறியவன் அடுத்த நாள் வர வேண்டாம். விதியின்படி நடந்தவனிடம் ஏன் குடித்தாய் என்று அவர் கேட்டதே இல்லை.

இந்த விதியால் ஊரில் சில விசித்திரங்கள் நடந்தன. சீன முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வண்டி ஐஸ் கட்டி போக வேண்டியிருந்தது. வண்டிக்காரர் வழியில் ஒரு சிநேகிதரைப் பார்த்தார். பார்த்ததும் கள்ளுக்கடையும் கண்ணில் பட்டது. வெளியே வந்ததும் விதி நினைவுக்கு வந்தது. உச்சி வெயிலில் மாட்டை அவிழ்த்து, வைக்கோல் போட்டு, வண்டிக்கடியில் படுத்தார். முதுகு நனைந்து எழுந்தபோது மேலே ஈரச் சாக்கும் மரத்தூளும் மட்டும் இருந்தன. கல்யாண வீட்டு முதலாளியே கொட்டகைக்கு வந்து கத்தித் தீர்த்தார். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, “ஐஸ்தான போச்சு, தவுக்கே? ஆளு போகலேல்ல?” என்றார். மறு வாரம் கறுப்புச் சர்க்கரை மூட்டைகளை அந்த வீட்டுக்குக் கூலியில்லாமல் ஏற்றிக் கொடுத்தார்.

இன்னொரு நாள் மதுவிலக்குப் பிரசங்கம் செய்யும் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் துண்டுப் பிரசுரம். குடல் எப்படி வெந்துபோகும் என்று அரை மணி நேரம் விளக்கினார். வண்டிக்காரர்கள் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்டார்கள். போகும்போது அந்த அம்மாளிடம், “நீங்கள் ஏன் இவர்களைக் கண்டிக்கக் கூடாது? குடிக்கிறவனை வேலையை விட்டு நிறுத்த வேண்டியதுதானே?” என்றார்.

“நிறுத்துனா வேற கொட்டாய்க்குப் போவான். அங்கயும் குடிப்பான். அங்க அவிழ்க்கச் சொல்ல ஆளு இருக்காது. குடிக்காதேன்னு சொல்றதுக்கு நீங்க இருக்கீங்க, நல்லாச் சொல்லுங்க. குடிச்சுட்டு ஓட்டாதேன்னு சொல்றதுக்கு நான் இருக்கேன்.”

பிரசங்கியார் திருப்தியடையவில்லை. எனக்கும் அன்று முழுத் திருப்தி இல்லை. அவர் பேச்சில் ஒரு மரத்த தன்மை இருப்பதாகத் தோன்றியது. வண்டிகளும் மாடுகளும் பத்திரமாக இருந்தால் போதும் என்கிற முதலாளிக் கணக்கோ என்றுகூட நினைத்தேன். எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த நாகூர்க்கார பாயிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே ரோச்சோர் கால்வாய் இருக்கும் திசையைக் காட்டினார்.

“அந்தம்மா புருஷன் ஒரு சாயங்காலம் நல்லா ஏத்திக்கிட்டு வண்டிய ஓட்டிட்டு வந்தாரு. மழ பெஞ்சு கால்வாய்ல தண்ணி. பாலத்துக்குப் பக்கத்துல எறக்கத்துல வண்டி உருண்டு உள்ள போயிடுச்சு. இந்தம்மாவும் வண்டில இருந்தாங்க. கைத் தழும்பு அதுதான். ரெண்டு பேரும் கர ஏறிட்டாங்க. மாடு நீந்தும் ஐயா, நல்லா நீந்தும். ஆனா கழுத்து நுகத்துல கட்டியிருக்கு. என்ன செய்யும்? இந்தம்மா திரும்ப உள்ள எறங்கிக் கயித்த அறுக்கப் பாத்தாங்க. ஒண்ணுக்குத்தான் முடிஞ்சுது.”

அந்தக் கணவர் அதற்கு மறு வருடம் காய்ச்சலில் இறந்தார் என்றார் பாய். அவரைப் பற்றி அந்த அம்மாள் பேசி நான் கேட்டதில்லை. கால்வாயில் போன மாட்டைப் பற்றி மட்டும் இரண்டு தடவை பேசியிருக்கிறார். அதன் நெற்றியில் ஒரு சுழி இருந்ததாம்.

காத்தமுத்து வழக்குதான் அவரை ஊர் முழுவதற்கும் தெரிய வைத்தது.

காத்தமுத்து திருச்சிப் பக்கத்துக்காரர். முப்பது வயது. கெட்டிக்கார வண்டிக்காரர், மோசமான குடிகாரர். இந்தக் கொட்டகைக்கு வருமுன் வேறொருவர் வண்டியில் இருந்தபோது குடித்து ஓட்டியதாக இரண்டு முறை தண்டனை வாங்கியிருந்தார். மூன்றாவது முறை வந்தால் சிறை, வண்டி லைசென்ஸும் போகும் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்திருந்தார். ஆறு வருடம் இந்த அம்மாளிடம் ஒரு வழக்கும் இல்லாமல் ஓட்டினார். அந்த மாதம்தான் ஊரிலிருந்து மனைவி கப்பலில் வந்து இறங்கியிருந்தார். அந்தச் சந்தோஷத்தை ஒரு மத்தியானம் கள்ளுக்கடையில் கொண்டாடிவிட்டு வெளியே வந்தார். விதி நினைவிருந்தது. இடம்தான் நினைவில்லை. டிராம் தண்டவாளத்தின் மேலேயே மாட்டை அவிழ்த்து, நுகத்தை இறக்கி, வண்டிக்கடியில் படுத்துவிட்டார்.

சாயங்காலம் கொட்டகைக்குச் செய்தி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் காத்தமுத்துவைப் பிடித்திருக்கிறார்கள், வண்டி ரோட்டில் இங்குமங்கும் அலைந்து ஒரு ரிக்‌ஷாவின் சக்கரத்தை உரசிவிட்டது, வண்டியும் மாடும் ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கின்றன என்று வந்தவர் சொன்னார்.

“அவன் மாட்ட அவிழ்த்தானா இல்லியா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“ஓட்டிக்கிட்டுப் போனத நானே பாத்தேன் ஆத்தா.”

அவர் முகம் மாறியது. ஆறு வருடத்தில் முதல் முறையாகக் காத்தமுத்து விதியை மீறிவிட்டான் என்று அவர் நினைத்தார். குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

முற்றத்தில் வண்டி பூட்டியபடியே நின்றது. அவர் வேகமாக அருகே போனார், நின்றார். மாடுகளை ஒருமுறை சுற்றி வந்தார். முற்றத்துக் காவலர் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சைகை காட்டினார். அந்த அம்மாள் குடையைக் குறுக்கே நீட்டி எங்கள் எல்லோரையும் தடுத்தார்.

“யாரும் தொடாதீங்க. பத்திரிகைக்காரரே, ஒங்க நோட்ட எடுங்க. எந்தப் பக்கம் எந்த மாடு நிக்குதுன்னு எழுதுங்க.”

எழுதினேன்: ஓட்டுபவர் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் செவலை.

“காத்தமுத்து பூட்டல,” என்றார் அவர். சிரிக்கவில்லை, ஆனால் முகம் பழையபடி ஆகிவிட்டது. “வெள்ளை வலத்து மாடு. செவலை இடத்து மாடு. கன்னுலருந்து அப்படித்தான் பழக்கம். ஆறு வருஷமா தெனம் ரெண்டு வேள அவன் பூட்டுறான். பாடையில கெடந்தாலும் மாத்திப் பூட்ட மாட்டான். இது மாட்டு வண்டி தெரியாதவன் பூட்டுனது.”

மறுநாள் காவலில் போய்க் காத்தமுத்துவைப் பார்த்தார். காத்தமுத்துவுக்குப் படுத்தது வரை நினைவிருந்தது. அதன்பிறகு யாரோ கையைப் பிடித்துத் தூக்கியது மட்டும் கனவு போல் இருந்தது.

“கோர்ட்டுல குடிச்சியான்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“பல்வலி ஆத்தா, அதுக்காக...”

“பல்லுகில்லுன்னா, நானே பேத்துருவேன். குடிச்சேன்னு சொல்லு. போலீஸ்காரரு பேசி முடிச்சதும் ஒன்ன எதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க. அப்ப ஒரு கேள்வி கேளு. எந்த மாடு எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு. அதுக்கு மேல வாயத் தொறக்காத.”

“அது போதுமா ஆத்தா?”

“போதலன்னா நான் பாத்துக்கறேன்.”

வழக்கு நாளில் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் காத்தமுத்துவின் மனைவி நின்றுகொண்டிருந்தார். தாலியில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த இடம் இரண்டுதான், கப்பல் துறையும் கொட்டகையும். அவர் கணவர் சிறைக்குப் போனால் அடுத்த கப்பலில் இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று வண்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருந்தது. அவர் பக்கத்தில் அதே வெள்ளையும் செவலையும் பூட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டு பெரியண்ணன் வந்திருந்தார். பெரியண்ணன் தீமிதிக்காகக் காப்புக் கட்டியவர். ஒரு மாதமாகக் கள் என்ன, காப்பிகூடத் தொடாதவர்.

சாட்சி சொன்ன போலீஸ்காரர் இளைஞர், மலாய்க்காரர். மலாக்காவுக்கு அப்பால் வயற்காட்டுக் கிராமத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னார். வண்டி ரோட்டில் இடமும் வலமுமாக அலைந்தது. ரிக்‌ஷாவை உரசியது. ஓட்டியவர் மேல் கள் வாடை அடித்தது. பேச்சுக் குழறியது. ஒவ்வொன்றும் உண்மை. மாஜிஸ்திரேட்டுக்கு அன்று கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்தமுத்துவைப் பார்த்தார்.

“நீ குடித்திருந்தாயா?” என்று துபாஷி தமிழில் கேட்டார்.

காத்தமுத்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். “குடிச்சிருந்தேன் ஐயா. மூக்கு முட்டக் குடிச்சிருந்தேன்.”

துபாஷி அதை ஆங்கிலத்தில் சொல்லுமுன் ஒரு நொடி தயங்கினார். அந்தக் கோர்ட்டில் அவர் இப்படி ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்து வெகுநாள் ஆகியிருக்கும். துரை பேனாவை எடுத்தார். சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

“எந்த மாடு எந்தப் பக்கம் நின்னுச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்தமுத்து உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

போலீஸ்காரருக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் கவனமான மனிதர். தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி, வெள்ளை மாடு இடப்பக்கம், சிவப்பு மாடு வலப்பக்கம் என்று படித்தார்.

அந்த அம்மாள் எழுந்து நின்றார். வண்டியின் சொந்தக்காரி என்று துபாஷி சொன்னதும் துரை பேச அனுமதித்தார். இரண்டு நிமிடம் பேசினார். குடிக்கவில்லை என்று தன் ஆள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். ஆனால் அந்த மாடுகளைப் பூட்டியது அவனில்லை. நம்பிக்கை இல்லையென்றால் துரை வராந்தாவுக்கு வந்து பார்க்கட்டும். அவ்வளவுதான்.

துரை வருவார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்தக் காலைப் பொழுது சலித்துப்போயிருக்க வேண்டும். கைக்குட்டையோடு எழுந்து வெளியே வந்தார். கோர்ட்டே எழுந்து பின்னால் வந்தது.

பெரியண்ணன் மாடுகளை அவிழ்த்து, வெள்ளையை இடப்பக்கமும் செவலையை வலப்பக்கமும் மாற்றிப் பூட்டினார். ஏறி உட்கார்ந்து கயிற்றைச் சுண்டினார். வண்டி நாலு அடி நேராகப் போயிற்று. பிறகு வெள்ளை தன் பழைய பக்கத்துக்குப் போகப் பார்த்துச் செவலையை நெட்டித் தள்ளியது. செவலை திருப்பித் தள்ளியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து ஓடியது, பிறகு வலப்பக்கம். ஒரு மாத விரதக்காரர் வாயில் சாமி பெயர்களை அடுக்கிக்கொண்டே கயிற்றை இழுத்துப் பார்த்தார். வண்டி நேரே வராந்தாவை நோக்கி வந்தது. துரை இரண்டு அடி பின்வாங்கினார். படிக்கட்டில் இருந்த பூந்தொட்டி ஒன்று உடைந்தது. மரத்தடியில் நின்ற காத்தமுத்துவின் மனைவி தொட்டி உடைந்த சத்தத்தைத் தீர்ப்பு என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“இப்ப சரியாப் பூட்டு,” என்றார் அந்த அம்மாள்.

பூட்டினார். வண்டி முற்றத்தைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தில் நின்றது. பெரியண்ணன் இரண்டாம் பாதியில் கயிற்றைக் கையிலேயே எடுக்கவில்லை.

துரை போலீஸ்காரரின் பக்கம் திரும்பினார். “மாடுகளைப் பூட்டியது யார்?”

“நான்தான், துவான்,” என்றார் அவர் உடனே. டிராம் வந்து நின்று மணியடித்துக்கொண்டே இருந்ததாம். உள்ளே இருந்த துரைமார்கள் கத்தினார்களாம். வண்டிக்கடியில் படுத்திருந்த ஆளை எழுப்ப முடியவில்லை. அதனால் தானே மாடுகளைப் பூட்டி, ஆளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, கயிற்றைக் கையில் கொடுத்து, போ என்றாராம். அதன்பிறகுதான் வண்டி அலைந்ததைப் பார்த்தாராம். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று துரை கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார். அவர் ஊரில் ஏரில் ஒற்றை எருமைதான் கட்டுவார்களாம். இரட்டை மாட்டுக்குப் பக்கம் உண்டு என்று அவருக்குத் தெரியாது.

தீர்ப்பை நான் அன்று எழுதிக்கொண்டபடி தருகிறேன்: இந்த மனிதன் குடித்திருந்தான் என்பதில் ஐயமில்லை, அவனே சொல்லிவிட்டான். ஆனால் வண்டியை விட்டு அவன் விலகிவிட்டான். அவனை மீண்டும் அதன் மேல் ஏற்றியது சட்டத்தின் கை. அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடி. டிராம் பாதையை மறித்ததற்கு இரண்டு வெள்ளி அபராதம்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்த அந்த அம்மாள் முதலில் போன இடம் அந்தப் போலீஸ்காரரிடம். அவர் சுவரோரமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மாளைப் பார்த்ததும் விறைத்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்திருக்கலாம்.

அந்த அம்மாள் குடையால் வெள்ளையையும் செவலையையும் மாறி மாறிக் காட்டி, சந்தை மலாயில் சொன்னார்: “பூத்தே கானான். மேரா கிரி.” வெள்ளை வலம், சிவப்பு இடம். அவர் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. பிறகு காத்தமுத்துவைப் பார்த்துத் திரும்பினார்.

“தண்டவாளத்து மேல அவிழ்த்தவன் நீதான?”

“அவிழ்க்கத்தான ஆத்தா சொன்னீங்க?”

“ஓரம் கட்டி அவிழ்க்கணும்னு அதையும் நான் சொல்லணுமா? சொல்றேன். இன்னைலருந்து ஓரம் கட்டு. அவிழ்த்த கையோட பூட்டாங்கயிறையும் கழட்டிப் பக்கத்துக் கடையில குடுத்துரு. கழுத்துல போடக் கயிறு இல்லேன்னா, போலீஸ் என்ன, கவர்னரே வந்தாலும் பூட்ட முடியாது. போ, பொண்டாட்டி அழுவுது பாரு.”

கொட்டகையின் விதி மாறிய ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன். நாகூர்க்கார பாய் தன் கடைச் சுவரில் அதற்கென்று ஓர் ஆணி அடித்தார். சில நாள் அதில் கயிறு தொங்கும். பல நாள் வெறும் ஆணிதான். வெறும் ஆணியைப் பார்த்தால் அந்த அம்மாள் அன்று பாயிடம் வழக்கத்தைவிட ஒரு வெற்றிலை அதிகம் வாங்குவார்.

“மாட்ட அவிழ்த்தாச்சா?” என்ற கேள்வியை அவர் வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கொட்டகைக்குப் பின் குடியிருந்த தம்பதி கை நீட்டிச் சண்டை போட்டபோது வாசலில் நின்று அதையே கேட்டார். அந்தக் கணவர் முதலில் மாட்டைத் தேடினார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். என் பத்திரிகையைத் தாக்கி எழுதிய ஒருவருக்குப் பதில் எழுதி எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன் ஒரு நாள். என் நடையைப் பார்த்தோ என்னவோ, எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அன்று அச்சுக்கூடத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் அந்தப் பதிலை ஒருமுறை படித்துப் பார்த்துக் கிழித்தேன்.

சில வருடங்கள் கழித்து அந்த வீதியில் மோட்டார் லாரிகள் வந்தன. கொட்டகையில் வண்டிகள் குறைந்து இரண்டு லாரிகள் நின்றன. அதில் ஒன்றுக்குக் காத்தமுத்து ஓட்டுநர். அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கிவிட்டது. கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். லாரிக்கு நுகமும் இல்லை, கயிறும் இல்லை, அவருடைய விதி இனி என்ன ஆகும் என்று நான் யோசித்ததுண்டு.

ஒரு மத்தியானம் பாய் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். டிராம் பாதையை விட்டு நன்றாக விலகி, சாக்கடை ஓரமாக லாரி நின்றது. கடைக்குப் பக்கத்து ஐந்தடி நடைபாதையில் காத்தமுத்து துண்டை விரித்து உறங்கிக்கொண்டிருந்தார். வாடை என் சோடாவரைக்கும் வந்தது. அவருடைய மகள், நாலு வயதிருக்கும், தகப்பன் வயிற்றில் சாய்ந்துகொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் லாரி அருகே நின்றார். தோளில் கார்ப்பொரல் பட்டை. மீசை வைத்திருந்தார், சற்றுச் சதை போட்டிருந்தார். இருந்தாலும் சாட்சிக் கூண்டில் பார்த்த அந்த நிமிர்ந்த நிற்பை எனக்கு அடையாளம் தெரிந்தது. லாரியின் முன்பக்கத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். படுத்திருந்தவரைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். பிறகு கடையின் பக்கம் திரும்பி, நிதானமான தமிழில் கேட்டார்:

“மாட்ட அவிழ்த்தாச்சா?”

பாய் கையை உயர்த்தி ஆணியைக் காட்டினார். சுழற்றி லாரியைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கார்ப்பொரல் தலையை அசைத்துவிட்டு, படுத்திருந்தவரின் காலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, தேக்கா சந்தைப் பக்கமாக நடந்தார்.